கல உயிரியலையும் உயிரிரசாயனத்தையும் மீட்டல் செய்வது எவ்வாறு?

கேள்வி: புதுக்குடியிருப்பு மாணவி

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டம் புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் இம்முறை இரண்டாம் தடவையாகத் தோற்றவிருக்கிறேன். நாங்கள் பன்னிரண்டாம் தரத்தில் இருந்தபோதே எமது உயிரியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அடுத்தவர் வருவதற்கு நெடுங்காலம் ஆனதால், உயிரின் இரசாயன அடிப்படை தொடங்கி ஒளித்தொகுப்பு, கலச்சுவாசம் வரையான பகுதியை வளநூலையும் அக்காமார் தந்த கொப்பிகளையும் வைத்து நானே வாசித்து முடித்தேன்.

பல்தேர்வு வினாக்கள் ஓரளவு கைவருகின்றன. இழைமணி, கொல்கியுபகரணம், இலைசோசோம் என்று தனித்தனியே கேட்டால் கட்டமைப்பையும் தொழிலையும் எழுதிவிடுவேன். ஆனால் இரண்டாம் வினாத்தாளின் கட்டுரைப் பகுதியில் இரண்டு மூன்று பாடங்களைத் தொடுத்து ஒரு வினா வந்தால், எங்கே தொடங்குவது, எதை எதனுடன் இணைப்பது என்பது பிடிபடுவதில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாம் வாரத்தில் முதல் வாரம் வாசித்தது நினைவில் இல்லை.

இன்னுமொரு ஐயம். ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து கிடைக்கும் ஏ.டி.பி (கலம் தன் வேலைகளுக்குச் சக்தி பெறும் மூலக்கூறு) எண்ணிக்கை பழைய கொப்பிகளில் 38 அல்லது 36 என்றும், இப்போதைய நூல்களில் 32 அல்லது 30 என்றும் இருக்கிறது. எண் மாறியதற்கான காரணம் விளங்காமல் புதிய எண்ணை மட்டும் மனனம் செய்ய மனம் ஒப்பவில்லை. நொதியங்களின் தொழிற்பாட்டைத் தடுக்கும் நிரோதிகள் பற்றியும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஆசிரியர், கிளிநொச்சி

பிள்ளைக்கு வணக்கம். பாடநூல் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டிருப்பது கற்பிக்கும் வசதிக்காக. மீட்டலையும் அதே வரிசையில் செய்தால், ஒவ்வோர் அலகும் மற்றதோடு உறவில்லாமல் தனியே நிற்கும். நான் மாணவருக்குச் சொல்வது வேறு வழி: ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை அதன் பின்னாலேயே செல்லுங்கள். வழியில் எந்தப் பாடம் குறுக்கிட்டாலும் அங்கே நின்று அந்தப் பகுதியை மட்டும் வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு விதைநெல்லை விடச் சிறந்த பொருள் இல்லை.

பெரும்போகத்துக்கு விதைநெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சாக்கில் கட்டி வைக்கோலால் மூடி முளைகட்டுவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாக்கினுள் நடப்பதைக் கலத்தின் மொழியில் எழுதிப் பாருங்கள். உலர்ந்த நெல்லின் நீரழுத்தம் (நீர் எப்பக்கம் நகரும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) மிகவும் தாழ்ந்தது. எனவே நீர் உட்கொள்ளப்படுகிறது. இங்கே நீரழுத்தம் என்ற பகுதி முழுவதையும் மீட்டலாம். நீர் சேர்ந்ததும் முளையத்தின் கலங்கள் மீண்டும் தொழிற்படத் தொடங்கி, ஜிபரெலின் என்னும் ஓமோனை விடுவிக்கின்றன. அது வித்தகவிழையத்தைச் சூழ்ந்துள்ள அலூரோன் படையின் கலங்களை அடைகிறது. அங்கே வாங்கிப் புரதத்துடன் இணைகிறது. அதுவரை சில பரம்பரையலகுகளை அடக்கி வைத்திருந்த புரதம் அழிக்கப்படுகிறது. அல்பா அமிலேசு நொதியத்துக்குரிய பரம்பரையலகு கருவினுள் பிரதியெடுக்கப்படுகிறது. தூது ஆர்.என்.ஏ கருத்துளையூடாக வெளியேறுகிறது. இறைபோசோம் அதனை வாசிக்கத் தொடங்கியதும், பொலிபெப்தைட்டுச் சங்கிலியின் முன்னந்தத்திலுள்ள ஒரு சிறு சமிக்ஞைப் பகுதி அந்த இறைபோசோமை அழுத்தமற்ற (கரடான) அகமுதலுருச் சிறுவலைக்கு அழைத்துச் செல்கிறது.

இந்த இடத்தில் சற்று நிதானியுங்கள், ஏனெனில் பெரும்பாலான விடைத்தாள்கள் இதைத் தாண்டி ஓடிவிடுகின்றன. அமிலேசு சைற்றோசொல்லில் உருவாகிப் பின்னர் சிறுவலைக்குள் தள்ளப்படுவதில்லை; உருவாகும்போதே சிறுவலையின் உள்ளிடத்துக்குள் செல்கிறது. அந்த உள்ளிடத்திலிருந்து கொல்கியுபகரணத்துக்குப் புடகம், அங்கிருந்து முதலுருமென்சவ்வுக்கு இன்னொரு புடகம், புடகமென்சவ்வு முதலுருமென்சவ்வுடன் ஒன்றித்ததும் உள்ளிருந்தது வெளியே கொட்டப்படுகிறது. ஆக, சிறுவலையினுள் புகுந்த பின்னர் அப்புரதம் இன்னொரு மென்சவ்வை ஊடுருவ வேண்டிய தேவையே இல்லை. சுரக்கப்படும் புரதம், இலைசோசோமின் நொதியம், முதலுருமென்சவ்வில் அமையும் புரதம் ஆகிய மூன்றும் ஏன் ஒரே பாதையில் தொடங்குகின்றன என்பது இதனால் விளங்கும். இழைமணிக்குச் செல்லும் பெரும்பாலான புரதங்களோ, சைற்றோசொல்லிலுள்ள கட்டற்ற இறைபோசோம்களில் முழுமையாக உருவான பின்னரே செல்கின்றன. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதக்கூடியவர், புன்னங்கங்களின் தொடர்பு பற்றிய வினாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வெளியேறிய அமிலேசு மாப்பொருளிலுள்ள கிளைக்கோசைட்டுப் பிணைப்புகளை நீர்ப்பகுப்புச் செய்கிறது. காபோவைதரேற்றுப் பாடம் இங்கே வந்து சேர்கிறது. கிடைத்த வெல்லம் முளையத்தை அடைந்து கலச்சுவாசத்துக்குப் பயன்படுகிறது. முதலில் வெளிவரும் முளைவேர் பெரும்பாலும் கலங்கள் நீரை உள்ளெடுத்து நீள்வதனால் வருவது. அதன்பின் வேர்நுனியில் இழையுருப்பிரிவு விரைவாக நடைபெறுகிறது. பார்த்தீர்களா, ஒரு நெல்மணி ஏறத்தாழ அரைப் புத்தகத்தையும் தொட்டுவிட்டது.

ஒவ்வொரு படியிலும் மூன்று விடயங்களைக் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: இது கலத்தின் எந்த இடத்தில் நடக்கிறது, மென்சவ்வின் எந்தப் பக்கத்தில் நடக்கிறது, இதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது. மூன்றில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டால் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும். தெரிந்த பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், புள்ளி கூடாது.

பதில்: மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர், வவுனியா

ஆசிரியர் சொன்ன வழியில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. நொதியம் பற்றி மட்டும் எனது தொழிலிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

குருதியில் குளுக்கோசின் அளவை அறிய எடுக்கும் மாதிரியை, சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் இடுவதைக் கிளினிக்கில் கண்டிருப்பீர்கள். அக்குழாயில் சோடியம் புளோரைட்டு இருக்கிறது. அது எதற்கு என்பதை விளங்கிக்கொண்டால் கலச்சுவாசமும் நொதியமும் ஒருங்கே விளங்கும். முதிர்ந்த செங்குழியத்தில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. எனவே அது ஏ.டி.பி பெறுவதற்குக் கிளைக்கோபகுப்பு ஒன்றையே நம்பியிருக்கிறது. ஒரு குளுக்கோசுக்குத் தேறிய விளைவாக இரண்டு ஏ.டி.பி மட்டுமே கிடைக்கும். குருதியைக் குழாயில் எடுத்த பின்னரும் செங்குழியங்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை தம்மைச் சூழ்ந்துள்ள குளுக்கோசைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும். காப்பில்லாத மாதிரியில் குளுக்கோசு மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையக்கூடும். வெயில் காலத்தில் தூரத்துக் கிராமமொன்றிலிருந்து மாதிரி வந்து சேருவதற்குள் பெறுபேறு பிழைத்துவிடும்.

புளோரைட்டு அயன், கிளைக்கோபகுப்பின் இறுதிக்கு முந்திய படியை ஊக்குவிக்கும் ஈனோலேசு என்ற நொதியத்தைத் தடுக்கிறது. அந்நொதியத்துக்கு மகனீசியம் அயன் துணைக்காரணியாகத் தேவை. புளோரைட்டு, பொசுபேற்றுடன் சேர்ந்து, உயிர்ப்பு மையத்திலுள்ள அந்த மகனீசியத்தைப் பற்றிக்கொள்கிறது. இதில் ஒரு நுட்பமும் உண்டு. தடை பாதையின் கடைசிப் பகுதியில் விழுவதால், அதற்கு மேலேயுள்ள நொதியங்கள் சிறிது நேரம் தொடர்ந்து இயங்கும்; ஆகையால் புளோரைட்டு இட்டாலும் முதல் ஓரிரு மணித்தியாலங்களில் குளுக்கோசு சற்றுக் குறையவே செய்யும். அனுசேபப் பாதையில் எந்தப் படி தடைப்படுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நிரோதிகளுக்கு வருவோம். போட்டி நிரோதி, கீழ்ப்படையின் (நொதியம் தாக்கும் பொருளின்) வடிவத்தை ஒத்திருப்பதால் உயிர்ப்பு மையத்தைப் பிடித்துக்கொள்கிறது. கீழ்ப்படையின் செறிவைக் கூட்டினால் அதன் விளைவு குறையும், உயர்ந்தபட்சத் தாக்கவீதம் மாறாது. போட்டியற்ற நிரோதி வேறோரிடத்தில் இணைந்து நொதியத்தின் வடிவத்தை மாற்றுகிறது; கீழ்ப்படையை எவ்வளவு கூட்டினாலும் பழைய உயர்ந்தபட்ச வீதம் எட்டாது. இவ்விரண்டும் பொதுவாக மீளக்கூடியவை. மீளாத வகைக்கு எங்கள் வயல்களிலேயே உதாரணம் உண்டு. சேதனப் பொசுபரசு வகைப் பூச்சிநாசினிகள், நரம்புச் செய்தியைக் கடத்தும் அசற்றைல்கோலினைச் சிதைக்கும் அசற்றைல்கோலினெசுத்தரேசு என்னும் நொதியத்தின் உயிர்ப்பு மையத்திலுள்ள செரீன் என்ற அமினோவமிலத்துடன் பங்கீட்டு வலுப்பிணைப்பை ஏற்படுத்துகின்றன. உயிர்ப்பு மையத்திலேயே இணைகிறது என்பதற்காக அதைப் போட்டி நிரோதி என்று எழுதிவிடக் கூடாது. கீழ்ப்படையைக் கூட்டி அதை வெளியேற்ற முடியாது. இந்த நஞ்சூட்டலுக்கு வைத்தியசாலையில் கொடுக்கும் அற்றோப்பீன் என்ற மருந்து அந்நொதியத்தைத் தொடுவதே இல்லை; தேங்கிநிற்கும் அசற்றைல்கோலின் சென்று சேரும் வாங்கிகள் சிலவற்றை அது மறைக்கிறது. நொதியத்தை விடுவிக்கும் முயற்சியாகக் கொடுக்கப்படுவது பிரலிடொக்சைம் என்ற வேறொரு மருந்து. நொதியம் எது, வாங்கி எது என்று பிரித்தறிய இந்த ஒரு சோடியே போதும்.

பதில்: மாங்குளம், விஞ்ஞானபீட மாணவர்

ஏ.டி.பி எண்ணிக்கை பற்றிய தங்கையின் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். எண் மாறியதற்குக் காரணம் பாடத்திட்டக்காரர்களின் விருப்பம் அல்ல, ஏ.டி.பி உருவாகும் பொறிமுறை பற்றிய விளக்கம் மாறியதுதான்.

கிளைக்கோபகுப்பில் 2, கிரெப்ஸ் வட்டத்தில் 2 என நான்கு ஏ.டி.பி நேரடியாகவே கிடைக்கின்றன. அதில் பழைய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் வேறுபாடு இல்லை. மீதி, 10 என்.ஏ.டி.எச் மூலக்கூறுகளும் 2 எப்.ஏ.டி.எச்.2 மூலக்கூறுகளும் இலத்திரன் கொண்டுசெல்லற் சங்கிலிக்குக் கொடுக்கும் இலத்திரன்களால் வருவது. முன்னர் என்.ஏ.டி.எச் ஒன்றுக்கு 3, எப்.ஏ.டி.எச்.2 ஒன்றுக்கு 2 என முழு எண்களாகக் கொண்டார்கள். 30, 4, 4 ஆகியவற்றைக் கூட்டினால் 38.

1961 இல் பீற்றர் மிற்செல் முன்வைத்த கருத்து வேறுவகையானது. இலத்திரன்கள் சங்கிலி வழியே செல்லும்போது விடுபடும் சக்தி நேரடியாக ஏ.டி.பியாக மாறுவதில்லை, அச்சக்தியால் ஐதரசன் அயன்கள் இழைமணியின் தாயத்திலிருந்து (உட்பகுதியிலிருந்து) இரு மென்சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளிக்குப் பம்பப்படுகின்றன. உள்மென்சவ்வு அவற்றை எளிதில் திரும்ப விடாது. அங்கே தேங்கும் செறிவுப் படித்திறனும் மின்னழுத்த வேறுபாடும்தான் ஏ.டி.பி சிந்தேசை இயக்குகின்றன. இக்கருத்தைப் பலர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1978 இல் அவருக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. இடையே 1966 இல் யாகன்டோர்ப் என்பவரும் அவருடைய உடனாய்வாளரும் செய்த ஒரு பரிசோதனையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பச்சையவுருமணியினுள் உள்ள தைலக்கொயிட்டுகளை இருளில் பி.எச் 4 உள்ள கரைசலில் ஊறவைத்து, உள்ளேயும் அமிலத்தன்மை ஏற்பட்ட பின்னர், ஏ.டி.பியின் முன்னோடியான அடினோசீன் இருபொசுபேற்றும் பொசுபேற்றும் கொண்ட கரைசலுக்கு மாற்றினார்கள். புதிய கரைசலின் பி.எச் 8. ஒளியே இல்லாமல் ஏ.டி.பி உருவாயிற்று. ஒளியின் வேலை படித்திறனை ஏற்படுத்துவது, ஏ.டி.பியை ஆக்குவது அந்தப் படித்திறன்.

இனிக் கணக்கு எளிது. ஒரு என்.ஏ.டி.எச் தரும் சோடி இலத்திரன்களால் ஏறத்தாழ 10 ஐதரசன் அயன்கள் பம்பப்படுகின்றன; எப்.ஏ.டி.எச்.2 சங்கிலியில் பிந்திய ஓரிடத்தில் இலத்திரன்களைக் கொடுப்பதால் 6. ஓர் ஏ.டி.பியை ஆக்கி, அதற்குரிய பொசுபேற்றை உள்ளே கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் ஏறத்தாழ 4 ஐதரசன் அயன்கள் தேவை. வகுத்தால் 2.5, 1.5. பத்து என்.ஏ.டி.எச்சுக்கு 25, இரண்டு எப்.ஏ.டி.எச்.2 க்கு 3, நேரடியாகக் கிடைத்த 4, மொத்தம் 32. கிளைக்கோபகுப்பு சைற்றோசொல்லில் நடப்பதால், அங்கு உருவாகும் இரண்டு என்.ஏ.டி.எச் இழைமணியின் உள்மென்சவ்வைக் கடக்க முடியாது. அவற்றின் இலத்திரன்கள் மட்டுமே உள்ளே கடத்தப்படுகின்றன. சில கலங்களில் அவ்விலத்திரன்களை உள்ளே எப்.ஏ.டி ஏற்கிறது. அப்போது ஒவ்வொன்றிலும் ஓர் ஏ.டி.பி குறைந்து 30 ஆகிறது. இப்படி விளங்கிக்கொண்டால் எண்ணை மனனம் செய்யவே தேவையில்லை.

ஆசிரியர் அவர்களின் கருத்தில் ஒரு விடயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நிகழ்ச்சி ஒன்றின் பின்னால் செல்வது தொடர்பை விளங்க உதவும். ஆனால் இழைமணியையும் பச்சையவுருமணியையும் அருகருகே வரைந்து, ஐதரசன் அயன் எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்துக்குப் பம்பப்படுகிறது, ஏ.டி.பி எப்பக்கத்தில் உருவாகிறது என்று அம்புக்குறியிட்டுப் பழகாதவருக்கு அந்தக் கதை பரீட்சை மண்டபத்தில் கைகொடுக்காது. இழைமணியில் தாயத்திலிருந்து வெளியே. பச்சையவுருமணியில் பஞ்சணையிலிருந்து (தைலக்கொயிட்டுகளைச் சூழ்ந்த பகுதியிலிருந்து) தைலக்கொயிட்டின் உள்ளே. ஏ.டி.பி முறையே தாயத்திலும் பஞ்சணையிலும் கிடைக்கிறது. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வரையும்வரை வரையுங்கள்.

பதில்: முழங்காவில் மாணவன்

நானும் இம்முறை தோற்றுகிறேன். நீரழுத்தத்தை நெல்லோடு நிறுத்திவிடாமல் றியோ இலைச் செய்முறையை ஒருமுறை செய்து பாருங்கள்; அந்தச் செடி அநேக பாடசாலைகளில் பூச்சாடியில் நிற்கிறது. இலையின் கீழ்ப்பக்க ஊதா மேற்றோலை உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் இட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஊதா நிறம் முதலில் கலத்தின் மூலைகளிலிருந்து விலகுவது தெரியும். நிறம் புன்வெற்றிடத்தில் இருப்பதால்தான் முதலுரு சுருங்குவது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பார்வைப் புலத்திலுள்ள கலங்களில் 50 சதவீதம் அவ்வாறு சுருங்கியிருக்கும் கரைசலே நாம் தேடுவது. அந்நிலையில் அமுக்க அழுத்தம் பூச்சியம். எனவே கலத்தின் கரைய அழுத்தம் வெளிக்கரைசலினதற்குச் சமன். சேம்பு இலைக்காம்புச் செய்முறையில் தேடுவது நீரழுத்தம், றியோவில் தேடுவது கரைய அழுத்தம். நண்பர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

கேள்வி கேட்டவர்: புதுக்குடியிருப்பு மாணவி

பதில் எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. மாங்குளம் அண்ணா சொன்னபடி இரண்டு படங்களையும் வரைந்து பார்த்தேன். பச்சையவுருமணியில் அம்புக்குறியின் திசை இப்போதுதான் தெளிந்தது. ஆசிரியர் அவர்களிடம் இன்னொன்று கேட்க விரும்புகிறேன். முளைகட்டிய சாக்கினுள் கையை விட்டால் நல்ல சூடாக இருக்கும். அப்பா நடுவில் சாக்கை அவிழ்த்துக் கிளறி, தண்ணீர் தெளித்துத் திரும்பக் கட்டுவார். குளுக்கோசிலுள்ள சக்தி ஏ.டி.பியாக மாறுகிறது என்றால் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

பதில்: ஆசிரியர், கிளிநொச்சி

நல்ல கேள்வி, பிள்ளை. கணக்கிட்டே பார்க்கலாம். நியம நிலையில் ஒரு மூல் குளுக்கோசு முழுமையாக ஒட்சியேற்றப்படும்போது விடுபடும் சக்தி ஏறத்தாழ 2870 கிலோயூல். ஒரு மூல் ஏ.டி.பியை ஆக்குவதற்கு ஏறத்தாழ 30.5 கிலோயூல் வேண்டும். 32 மூலுக்கு 976. ஆக மூன்றில் ஒரு பங்கு, அதாவது 34 சதவீதம் மட்டுமே ஏ.டி.பியில் சேமிக்கப்படுகிறது, எஞ்சியது வெப்பமாக வெளியேறுகிறது. கலத்தினுள் உள்ள உண்மையான செறிவுகளில் இந்த விகிதம் சற்று மாறும். வினாவுக்கு விடை எழுத நியம நிலைக் கணக்குப் போதும். அந்த ஏ.டி.பியும் புரதத்தொகுப்பு, கொண்டுசெல்லல் போன்ற வேலைகளில் செலவாகும்போது அதன் சக்தியிலும் ஒரு பகுதி வெப்பமாகிறது. தனி நெல்மணி ஒன்றின் வெப்பம் காற்றில் கலந்துவிடும்; சாக்கில் நெருங்கிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான மணிகளின் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது.

அப்பா கிளறுவதில் இரண்டு காரியங்கள் நிறைவேறுகின்றன. ஒன்று, வெப்பம் வெளியேறுகிறது. சாக்கின் நடுப்பகுதி அளவுக்கு மீறிச் சூடானால் நொதியங்கள் இயல்பகற்றப்பட்டு, மென்சவ்வுகளும் சிதைந்து முளையம் இறந்துவிடும். மற்றது, ஒட்சிசன் உள்ளே செல்கிறது. நீர் சரியாக வடியாமல் கட்டிய சாக்கை அவிழ்க்கும்போது புளித்த வாடை வீசுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒட்சிசன் போதாத இடத்தில் இலத்திரன் சங்கிலியின் இறுதி வாங்கி இல்லாமற் போவதால் என்.ஏ.டி.எச் தன் இலத்திரன்களைக் கொடுக்க இடமின்றித் தேங்குகிறது. அப்போது பைருவேற்றிலிருந்து காபனீரொட்சைட்டு நீக்கப்பட்டு அசற்றல்டிகைட்டு உருவாகிறது, அது என்.ஏ.டி.எச்சின் இலத்திரன்களை ஏற்று எதனோலாகிறது. இந்த இறுதிப் படியில் ஏ.டி.பி எதுவும் கிடைப்பதில்லை. கிளைக்கோபகுப்பு தொடர்ந்து நடைபெறுவதற்கு வேண்டிய ஒட்சியேற்றப்பட்ட என்.ஏ.டியை மீளப் பெறுவதே அதன் பயன். நொதித்தல் பற்றிய கட்டுரையில் எதனோலின் பெயரை எழுதி இந்தக் காரணத்தை எழுதாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் காரணத்தை முதலில் எழுதுங்கள்.